பவுடரின் பீச் மரம்

கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது அவள் தொழில். அதனால் அண்ணி கேலியாக வைத்த பெயர் பவுடர். நாளடைவில் அண்ணனும் அப்படியே கூப்பிட்டான், தெருவும் கூப்பிட்டது.

தன் கல்யாணம் சரிப்படாமல் ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய வருஷம், கொல்லைச் சுவரோரம் ஒரு பீச் கன்றை நட்டாள். அந்த வீட்டில் கட்டில் அண்ணனுடையது, போர்வை அண்ணியுடையது. தனக்கென்று அவள் ஊன்றியது அது ஒன்றுதான்.

கன்று மரமாயிற்று. இலை வரும் முன்பே கிளையெல்லாம் ரோஜா நிறத்தில் பூக்கும். பூப்பதோடு சரி, பேருக்குக்கூட ஒரு காய் நிற்காது.

அண்ணிக்கு அந்த இடத்தில் கார் ஷெட் வேண்டும். அதற்கான இரும்புக் கம்பங்கள் வந்து சுவரில் சாய்ந்து நின்றன.

"பூத்துப் பூத்துக் கொட்டுது, பெருக்கி வாரறது நானு. இந்த வருஷமும் காய்க்கலன்னா வெட்டிட வேண்டியதுதான்."

அண்ணன் மனைவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "சரி, இந்த வருஷம் பாக்கலாமே" என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாளே பவுடர், கன்று வாங்கிய நர்சரிக்குப் போனாள்.

"உங்க மரம் குளிர் விடறதுக்கு முன்னாடியே பூத்துடுதும்மா. அப்ப தேனீ வெளியவே வராது, மகரந்தத்தை யார் ஒட்ட வைக்கறது?" என்றார் நர்சரிக்காரர். "இனிமே நீங்கதான் தேனீ. மெத்துனு ஒரு பிரஷ் இருந்தா போதும்."

பிரஷ்ஷா! அவளிடம் இல்லாத பிரஷ்ஷா!

பூ விரிந்ததும், கன்னத்துக்கு நிறம் பூசும் பிரஷ் ஒன்றைப் புதிதாகப் பிரித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். மணப்பெண்ணின் முகத்தைத் தொடுவது போலத்தான் தொட்டாள். பூவின் நடுவில் மெல்ல ஒரு சுழற்றல், பிறகு அடுத்த பூ. பிரஷ் நுனி மஞ்சளாயிற்று.

சமையலறை ஜன்னலில் அண்ணியின் முகம் தெரிந்தது. "ஏண்டி பவுடர், மரத்துக்கும் மேக்கப்பா? மாப்பிள்ளை யாரு, எதிர்வீட்டு எலுமிச்சையா?"

"சிரிங்க அண்ணி, சிரிங்க. காய்ச்சா முதல் பழம் உங்களுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே தூரத்துக் கிளையை எட்டினாள். ஸ்டூல் சாய்ந்தது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு படுத்துக்கிடந்தவள் கைக்காக அழவில்லை. பாதி மரம் இன்னும் தொடப்படாமல் நிற்கிறதே! இன்னும் சில நாளில் பூ உதிர்ந்துவிடும். பிறகு கோடரி. மரம் போனபின் இந்த வீட்டில் தன்னுடையது என்று எதைச் சொல்வாள்? தலையணை நனைந்தது.

காலையில் கொல்லையில் யாரோ திட்டும் சத்தம் கேட்டது.

"ஆடாம நில்லு சனியனே. இந்த மூக்கைக் கொஞ்சம் காட்டினா என்ன குறைஞ்சா போயிடுவ?"

எட்டிப் பார்த்தாள். ஸ்டூல் மேல் அண்ணி, கையில் பிரஷ்!

"அண்ணி! நீங்களா?"

"ஏன், என் கையில பிரஷ் நிக்காதா? வெட்டணும்னா நேருக்கு நேர் வெட்டுவேன்டி. நீ கை ஒடிஞ்சு கெடக்கறப்ப காய்க்கலன்னு வெட்டினா, அது ஒரு ஜெயிப்பா? போய்ப் படு."

"மெதுவா அண்ணி, அழுத்தாதீங்க."

"தினம் குழம்புக்கு உப்பு போடறவளுக்கு அளவு தெரியாதா?"

"அந்த அளவு தெரிஞ்சதாலதான் சொல்றேன்."

அண்ணி பிரஷ்ஷை ஓங்கினாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே பவுடரின் கண் நிறைந்தது; அண்ணி அதைப் பார்த்தும் பாராதவளாகப் பூவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மரம் காய்த்தது. அண்ணி தொட்ட கிளையில் இலையைவிடக் காய் அதிகம். பாதிப் பிஞ்சைக் கிள்ளி எறிந்தால்தான் கிளை தாங்கும் என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி ஒன்றைக்கூடத் தொடவிடவில்லை. "கஷ்டப்பட்டது நானு, கிள்ளறது அவரா?"

காய் பருக்கப் பருக்கக் கிளை தரையை நோக்கி வளைந்தது. ஒருநாள் அடியில் மெல்லிய விரிசல் தெரிந்தது.

"முட்டுக் கொடுக்க எதாவது வேணுமே" என்றான் அண்ணன்.

அண்ணி சுற்றும்முற்றும் பார்த்தாள். விறுவிறுவென்று சுவரோரம் போய் ஷெட்டுக்கு வாங்கிய கம்பத்தை இழுத்து வந்தாள்.

"கார் வெயில்ல நின்னா உருகிடாது. பள்ளம் தோண்டுங்க."

கம்பம் பட்டையைக் கிழித்துவிடாமல், கட்டுப் பிரித்தும் வலது கையில் இன்னும் பலம் வராத பவுடர் இடது கையால் ஒரு பழைய துணியை மடித்து இடையில் செருகினாள்.

அண்ணி கையைத் தட்டிக்கொண்டு மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருந்தாலும் பவுடர், உன் பக்கம் காய் கம்மிதான்."