கரண்டித் தூண்டில்

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளைத் தேக்கரண்டி கிடக்கிறது. கைப்பிடி வெட்டப்பட்டது. ஒரு முனையில் நைலோன் நரம்பு கட்டத் துளை, மறுமுனையில் மூன்று முள் கொண்ட தூண்டில். இழுத்தால் தண்ணீருக்குள் புரண்டு புரண்டு, காயம்பட்ட குஞ்சுமீன் போல மினுங்கும். அக்காவின் கணவர், என் அத்தான், தன் கையால் அடித்துச் செய்தது.

அத்தான் தெரு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். நான் ஆங்கில ஆசிரியன். அறுபதுகளில், வெள்ளியும் விரத நாளும் தவிர, உரும்பிராயைச் சுற்றியுள்ள சின்னக் குளங்களில் இருவரும் விரால் பிடித்துத் திரிந்தோம். மாரியில் கலங்கிய தண்ணீருக்குக் கரண்டி, தையில் தெளிந்ததும் தவளைக்குஞ்சு என்று அத்தான் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுப்பார். நான் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. விராலின் குஞ்சுகள் சிவப்புப் பந்து போலத் திரண்டு மேலே மிதக்கும். தாய் கீழே காவல் நிற்கும். அந்தப் பந்துக்கு நடுவே எதைப் போட்டாலும் தாய் பாய்ந்து கடிக்கும். அதற்குப் பசியே வேண்டாம்.

"உது பாவமடா மச்சான். குஞ்சையும் சேத்தெல்லோ கொல்லுறாய்," என்பார் அத்தான்.

"பெட்டிக்குள்ள மீனில்லாட்டி அக்கா உங்களைத்தான் பேசுவா," என்று நான் சிரிப்பேன்.

அவர்களின் ஒரே மகள், என் மருமகள், கீரிமலைக்கு அப்பால் கடற்கரையில் வலை இழுக்கும் குடும்பத்துப் பையனோடு போய்விட்டாள். விளையாட்டுக்கு மீன் பிடித்த நாங்கள், பிழைப்புக்கு மீன் பிடித்தவர்களின் வீட்டை வாயால் சொல்லவும் கூசினோம். அத்தான் சோறு தின்னாமல் கிடந்தார். காணியும் நகையும் எழுதித் தருவதாகச் சொல்லி அவளைக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார்.

"நகைக்கு உவள் வரமாட்டாள் அத்தான். தாய்க்கு வருத்தம் கடுமை எண்டு சொல்லுவம். பாராமல் ஓடி வருவாள்."

அதைத் தெரிந்தெடுத்தவன் நான். சொல்லப் போனவனும் நான். அவள் வாசலில் நின்று, "உண்மையோ மாமா?" என்று கேட்டாள். நகுலேஸ்வரத்தான் மேல் ஆணை என்றேன். மாற்றுச் சேலைகூட எடுக்காமல் என்னோடு பஸ் ஏறினாள்.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு எழுந்து, "வந்திட்டியோ பிள்ளை!" என்று கட்டிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. தாயின் தோளுக்கு மேலாக மகள் என்னைப் பார்த்த பார்வையையும் மறக்கவில்லை. பின்னால் அத்தான் படலையைப் பூட்டும் சத்தம் கேட்டது.

அறைக்குள் அடைத்து வைத்தார்கள். வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒரு விடியற்காலை அக்காவே கதவைத் திறந்து மகளை அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் குளத்துப் பக்கம் போகவில்லை. கரண்டியை என்னிடம் எறிந்துவிட்டார். சில வருடங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு மகள் வரவில்லை.

பிறகு அக்காவுக்கு மெய்யாகவே கடுமையாகிவிட்டது. "தம்பி, அவளை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வா," என்றாள். ஒருமுறை முள்ளில் கொளுவித் தப்பிய விராலுக்கு அதே கரண்டியைக் காட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அப்போது அந்தப் புத்தி வரவில்லை. நானே போனேன்.

அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. என்னைக் கண்டதும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"இந்தமுறை அம்மாவுக்கு என்ன வருத்தம், மாமா?"

சொன்னேன். அழுதேன். ஆணையிட்டேன்.

"அப்பவும் ஆணையிட்டனீங்கள்தானே," என்றாள். கதவு சாத்தப்பட்டது.

வெறுங்கையோடு திரும்பினேன். படலை அசையும் போதெல்லாம் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். காற்று என்று நாங்கள் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அந்தத் தலை எழும்பவில்லை.

அக்காவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போனோம். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்து மதிலோரம் அவள் குழந்தையோடு நின்றாள். கிட்ட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவது?

கரண்டி இப்போது கறுத்துப்போய்க் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி மினுங்கும். நான் தேய்ப்பதில்லை.