நிறுத்துவது யார்?

குன்னூரில் தேயிலை வாங்கும் நிறுவனம் ஒன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். ஏலம் கணினிக்கு மாறியபின், தானாகவே விலை கேட்கும் மென்பொருள் ஒன்றை முதலாளி வாங்கினார். அதை அமைக்க வந்த கோயமுத்தூர் பொறியாளரிடம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? பட்டனை அழுத்துனாப் போதும்,” என்றார்.

நான் விடவில்லை. தாளில் கட்டம் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒரு பகுதி ஏலத்தில் ஏறும் விலையைக் கவனிக்கிறது. இன்னொன்று, எந்தத் தூளுக்கு எதுவரை போகலாம் என்ற எங்கள் விதிப்படி முடிவெடுக்கிறது. மூன்றாவது எங்கள் விலையை அனுப்புகிறது.

“வரம்பு தாண்டுனா யாருங்க நிறுத்தறது?”

முடிவெடுக்கும் பகுதியே நிறுத்திக்கொள்ளுமாம்.

“அதுவே கெட்டுப்போனா?”

தனியாக ஒரு காவல் பகுதி வைக்காமல் ஓட்ட மாட்டேன் என்றேன்.

“சிலோன்ல இருந்து வந்தவளுக்கு இத்தனை வீம்பா?” என்று அருகில் நின்றிருந்த முதலாளி கத்தினார்.

“ஒம்பது வயசுல, எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு கேக்காமக் கப்பல் ஏறுனவ நானு. இனி எதையும் கேக்காமச் செய்ய மாட்டனுங்க.”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். “அவங்க கேக்கறது சரிங்க,” என்றார் பொறியாளர். அடுத்த வாரம் நான்காவது பகுதியோடு வந்தார். வேண்டுமென்றே வரம்புக்கு மேல் ஒரு விலையைக் கொடுத்துப் பார்த்தேன். அனுப்பாமல் நின்றது. அதன்பிறகே ஓட்டச் சம்மதித்தேன்.