தறி நின்ற நான்கு நிமிடம்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். கட்டிலில் படுத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஹெட்போன். காதில் படும் இடத்தில் தோல் உரிந்திருந்தது. ஆபரேஷன் அறையில் தலைக்கு மாட்டும் நீலத் தொப்பியை இரண்டாக வெட்டி அதன்மேல் சுற்றியிருந்தார்கள்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, இரண்டாவது மாடி. மனச்சோர்வுக்கு நான்கு வருடமாக மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும், எழுந்து பல் துலக்குவதே எனக்கு ஒரு நாள் வேலையாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் நாளிதழில் பிழை திருத்தித் தலைப்பு வைத்தவள் நான். நாலு வரிச் செய்தியைப் படித்து முடிக்க முடியாமல் போனபோது வேலையை விட்டேன். கடைசியாக மருத்துவர் கெட்டமின் சொன்னார். மயக்க மருந்துதான். குறைந்த அளவில், நாற்பது நிமிடம், நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மொத்தம் ஆறு முறை. ஏறும்போது உடம்பு நம்முடையது இல்லை என்று தோன்றும், அப்போது மனத்துக்குப் பிடிமானம் இசைதான் என்றார்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். எழுதுகிறேன். சர்க்கரைக்கு ஊசி போடுவதை அவர்கள் யாரும் ஒளித்து வைப்பதில்லை.

முதல் இரண்டு முறையும் மருத்துவமனை வைத்திருந்த இசைதான். புல்லாங்குழல், அதற்குப் பின்னால் கடல் அலை. நான் கடலை இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் கரையில் நின்றுதான் பார்த்தேன். மருந்து ஏறியதும் குழல் காணாமல் போனது, அலை மட்டும் மிஞ்சியது. நான் அதற்கு அடியில் இருந்தேன். இரண்டாம் முறை கத்திக்கொண்டே ஊசியைப் பிடுங்கப் போனேனாம். ரத்த அழுத்தம் ஏறியது. பாதியில் நிறுத்தினார்கள்.

"அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா இதை விட்டுறலாங்க. ரிஸ்க் வேண்டாம்" என்றார் மருத்துவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"விட்டுட்டு?"

அவர் கோப்பைப் புரட்டினார். 

"மருந்துல தப்பில்லை டாக்டர். பாட்டுதான் சரியில்லை."

"அது எல்லாருக்கும் போடறதுங்க. மனசை அமைதிப்படுத்தற மியூசிக்."

"யார் மனசை?"

நான் பிறந்தது ஜலகண்டாபுரத்தில், விசைத்தறி ஓடும் வீட்டில். தறிக்கூடத்துக்கும் நாங்கள் படுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சுவர். எங்கள் தெருப் பிள்ளைகள் தறிச் சத்தத்தில் தூங்குவார்கள், கரண்ட் போய்த் தறி நின்றால் அழுதுகொண்டு எழுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது இரைச்சல். எங்கள் நான்கு தறிகளில் மூன்றாவது தறியில் மட்டும், ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா ஒரு பக்கம் திரும்பும்போது கொஞ்சம் தயங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அமைதி என்றால் அலையும் குழலும் என்று முடிவு செய்தவர் யாராயிருந்தாலும், எங்கள் தெருவைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். இப்போது அந்தத் தறிகளை ஓட்டுவது அவர்தான். "அம்பது நிமிஷம் தறிச் சத்தம் பதிஞ்சு அனுப்புங்க."

"ஏஞ்சாமி, ஊரே பாட்டுக் கேக்குது, நீ தறியக் கேக்கறியா? செரி, போன சன்னல்ல வெச்சுட்டு நான் சோறாக்கப் போறேன்."

மறுநாள் வந்து சேர்ந்தது. அண்ணி அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. நானும் முதல் இரண்டு நிமிடம்தான் கேட்டேன். ஒரு பக்கத்தையும் முழுக்கப் படிக்காமல் அச்சுக்கு விடாதவள் செய்த பிழை அது.

மூன்றாம் முறை மருத்துவர் அரை மனதாகச் சம்மதித்தார். ஹெட்போனை என் போனில் செருகி, எனக்கு மாட்டும்முன் நர்ஸ் ஒரு காதில் வைத்துப் பார்த்தார். "இதுல பாட்டு எப்பங்கக்கா வரும்?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு."

மருந்து ஏறியது. கைகள் போயின, கட்டில் போனது. தறி போகவில்லை. அதன்மேல் நான் நீளமாக, நெய்து முடியாத துணி மாதிரி கிடந்தேன். பயம் இல்லை.

பிறகு தெருக்கோடியில் ஒரு தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. வரிசையாக, எங்கள் வீட்டை நோக்கி. கடைசியில் எங்கள் நான்கும். அதன்பின் சங்கு.

எங்கள் தெருவில் சவம் போகும்போது தறியை நிறுத்துவார்கள். கடந்து போனதும் ஓட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றும், போகிற சவம் நான் என்பதும்தான்.

"பிபி ஏறுதுங்க சார்" என்று நர்ஸ் சொன்னதாகவும், மருத்துவர் குழலுக்கு மாற்றப் போனதாகவும், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்ததாகவும் பிறகு சொன்னார்கள். நான் பேசியது மட்டும் எனக்கே நினைவிருக்கிறது. "மாத்தாதீங்க. இன்னும் தறி ஓட்டலை."

எந்தச் சவத்துக்காகவும் எங்கள் தெருத் தறிகள் நின்றது நின்றபடி இருந்ததில்லை. செத்திருந்தாலும் அவை மறுபடி ஓடுவதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று கிடந்தேன். வருடக்கணக்காகத் தோன்றியது. பதிவில் நான்கே நிமிடம். மோட்டார் உறுமியது. ஒரு தறி ஓடியது, இன்னொன்று, பிறகு மூன்றாவது, அதே தயக்கத்தோடு. மருத்துவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அழுத்தம் இறங்கியது. சொட்டு மருந்து முழுவதும் ஏறியது.

என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அண்ணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ, அன்னிக்கி சவம் போச்சுல்ல! மறந்தே போயிட்டனே!"

"நான்தான் செத்துட்டேன்னு நெனச்சேன்."

"நீ செத்தா நம்மூட்டுத் தறிய ஒரு நா பூரா நிறுத்தோணும். நாலு நிமிசத்துல ஓட்டிருவனா? அதுகூடத் தெரியல, நீயெல்லாம் பேப்பர்ல வேல பாத்தியாக்கும்."

இரண்டு பேரும் சிரித்ததில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். மனநலப் பிரிவின் வராந்தா அது.

நான்காவது முறைக்கு முன் மருத்துவர் அக்கறையோடுதான் கேட்டார். "அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டிறலாங்களா?"

"ஒரு நொடி வெட்டக் கூடாது. கோப்புல எழுதுங்க, இசை நோயாளி கொண்டு வர்றதுன்னு."

எழுதினார். எழுத்துப்பிழை இல்லை, பார்த்தேன். மீதி மூன்று முறையும் அதே பதிவுதான், வெட்டாமல். ஆறாவது முடிந்த வாரம் ஒரு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

அண்ணி பதிவு செய்த அன்று எங்கள் தெருவில் கொண்டுபோனது, கிழக்கோரத்து வீட்டில் தறிக்குப் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை. வயது எழுபத்தெட்டு.