அம்மன் சேலையும் குலுக்கல் சீட்டும்

எடப்பாடியில் எங்கள் தெருக் கோயிலில், ஆடி கடைசி வெள்ளியன்று அம்மனுக்குச் சாத்திய பட்டுச்சேலையை ஏலம் விடுவார்கள். வருடா வருடம் அது எதிர்வீட்டு லாரிக்காரர் மனைவியிடமே போய்ச் சேரும். தறிக்காரக் குடும்பத்துப் பெண்கள் நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பொங்கல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். "அம்மனுக்கே உங்க பீரோவுக்கு வழி பழகிப் போச்சுங்க" என்று குத்திக்காட்டினால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்குக் கோபம் வராததே எனக்குக் கோபமாக இருக்கும்.

அந்த ஆடியில் என் ஓரகத்திக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்பு தங்காமல் போன வயிறு. அம்மன் சேலையை உடுத்தி வளைகாப்புக்கு உட்கார்ந்தால் இந்தப் பிள்ளை நிலைத்துவிடும் என்று நம்பினாள். எங்களிடம் இருந்த காசுக்கு ஏலத்தில் வாய் திறக்க முடியாது. அதனால் கோயில் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு பிடி பிடித்தேன்.

"பணக்காரங்களுக்கு மட்டுமுங்களா அம்மன்? எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கிப் போடுங்க. அவளே பாத்துக் குடுக்கட்டும்!"

கைதட்டினார்கள். லாரிக்காரர் மனைவியும் தட்டினாள்.

பூசாரி கண்ணை மூடிப் பித்தளைக் குடத்துக்குள் கைவிட்டு, ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். லாரிக்காரர் மனைவியின் பெயர். எனக்குக் குடத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

லாரிக்காரர் மனைவி சேலையோடு என்னிடம் வந்தாள். "ஏனுங்க்கா, ஏலமா இருந்தா மாசமா இருக்கறவ கேட்டதுக்கு மேல யாராச்சும் ஏத்திக் கேப்போமுங்களா? நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்."

உண்மைதான். எங்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நியாயம் பேசிய வேகத்தில் அது என் புத்தியில் படவே இல்லை.

"அதுக்கென்னங்க, இப்பக் குடுத்துருங்க."

"காசுக்கு வாங்குனதுன்னா குடுத்துருவேனுங்க. இது அவளே பாத்துக் குடுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க? கை மாத்துனா குத்தமாயிருமுங்க."

வளைகாப்புக்குக் கடைச் சேலைதான். பிரசவம் வரை ஓரகத்தி பயந்துகொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் நானும்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்து வீடு வந்த அன்று, லாரிக்காரர் மனைவி அந்தச் சேலையை எடுத்து வந்தாள். "குடுக்கலீங்க்கா. தூளி கட்டறதுக்கு இரவல்தான். இந்தக் குட்டிச் சாமி நல்லா நடந்ததும் திருப்பித் தந்துரோணும்." சேலை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் வந்தாள். வந்தால் தூளியை ஆட்டிவிட்டுத்தான் போவாள்.

சென்ற வாரம் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோனேன்.

"சாமி இன்னும் சரியா நடக்கலீங்க்கா" என்று வாங்க மறுத்துவிட்டாள். குழந்தை அப்போது அவள் வாசலில்தான் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது.