திகதி போடாத காசோலை

பின்னறையில் கட்டித் தூக்கியிருந்த வெங்காயப் பிடிகளை ஒவ்வொன்றாக இறக்கி, அழுகலை நுள்ளி எறிந்துகொண்டிருந்தார் மார்க்கண்டு. வழக்கமாக இது மனைவி இராசமலரின் வேலை. இரண்டு நாளாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்து உடுவிலில் முப்பது வருசமாக வெங்காய வியாபாரம். தராசில் விரல் வைத்தவர் என்று எவரும் சொன்னதில்லை. கடனுக்குச் சரக்குக் கொடுத்தால், திகதி போடாத காசோலை ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். சந்தையில் எல்லோரும் செய்வதுதான். வங்கியில் காசு கிடக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அது ஒரு வாக்கு மாதிரி. காசு கைக்கு வந்ததும் கிழித்துப் போடுவார்கள்.

தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் வெங்காயம் ஏற்றும் பார்த்தீபனும் அப்படித்தான் கொடுத்தான். "அண்ணை, கணக்கிலை ஒரு சதமும் இல்லை. லொறி தம்புள்ளை போய்த் திரும்பினாப் பிறகுதான் போடலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவன்.

"அது தெரியும், நீ கையெழுத்தை வை" என்றவர் மார்க்கண்டு. பேனை எடுத்துக் கொடுத்தவள் இராசமலர்.

லொறி புறப்பட்ட அதே கிழமை பிடித்த மழை விடவேயில்லை. ஏழு இலட்சத்துச் சரக்கில் பாதி அழுகியது. மிச்சம் அரைவிலைக்குப் போனது. அதன் பிறகு பார்த்தீபன் தொலைபேசியை எடுப்பதில்லை.

"மார்க்கண்டண்ணை, உங்கடை வெங்காயம் தம்புள்ளையிலை மணக்குதாம். இஞ்சை உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்று சந்தையில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே காசோலையில் தன் கையால் திகதி போட்டு வங்கியில் கொடுத்தார். கணக்கில் காசில்லையென்று திரும்பி வந்ததை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார்.

"இது கடன் பிரச்சினை ஐயா. சிவில் கோட்டுக்குப் போங்கோ" என்றார் சார்ஜன். "காசு இருக்கெண்டு பொய் சொல்லிச் சரக்கை எடுத்தால்தான் மோசடி. அப்பிடிச் சொன்னவனோ?"

மார்க்கண்டுவுக்குச் சந்தைச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

"ஓம். காசு கிடக்கெண்டுதான் சொன்னவன்."

பார்த்தீபனைப் பிடித்து விளக்கமறியலில் அடைத்து இன்றோடு பதினொரு நாள். ஒரு வெருட்டு வெருட்டினால் காசு வரும் என்றுதான் நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது முழு உண்மையும் அல்ல. விலங்கு போட்டுக் கொண்டுபோனதைக் கேள்விப்பட்ட அன்று, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர் அவர். பொலிசில் அவர் சொன்னது முந்தநாள்தான் இராசமலரின் காதுக்கு எட்டியது.

இராசமலர் அறைக்குள் வந்தாள்.

"பார்த்தீபன்ரை மனுசி தனுசியா வந்திட்டுப் போறாள். தாலிக்கொடியை அடகு வைச்சு ரண்டு லச்சம் கொண்டு வந்தவள். நான் வாங்கேல்லை."

"ஏன் வாங்கேல்லை?"

"என்னெண்டு வாங்கிறது? அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலை நிண்டவள் நான்."

"வழக்கு இனி என்ரை கையிலை இல்லை."

"வாய் உங்கடைதானே?"

"சொன்னதை மாத்தினால் என்னையெல்லோ பிடிப்பாங்கள்!"

"ஓம், பிடிப்பாங்கள்தான்" என்றாள் அவள். "திங்கட்கிழமை கோட்டிலை உங்களைக் கேப்பினம். என்ன சொல்லப் போறியள்?"

மார்க்கண்டு இன்னொரு பிடியை இறக்கினார். அதில் அழுகல் ஒன்றும் இல்லை. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசமலர் குனிந்து, அவர் காலடியில் கிடந்த அழுகல்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.