கிரகண வெயிலில் தேவநாதன்

வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கல்தூணுக்கு முன்னால் பிடித்தபடி தேவநாதன் மூச்சை அடக்குகிறார். முள் அசையாமல் நின்ற பிறகுதான் மூச்சு விடுவார். சிதம்பரத்து நாட்டிய வகுப்புகளில் திரையில் காட்டுவதற்காகச் சிற்பங்களை ஸ்லைடு பிலிமில் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். நெகட்டிவ் என்றால் பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடில் விழுந்ததுதான் படம். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் சாமி முகம் சுண்ணாம்பாய் வெளுக்கும், குறைந்தால் கரி. "கண்ண மட்டும் நம்பாதீங்க. அது வெயிலுக்கும் பழகிக்கும், இருட்டுக்கும் பழகிக்கும். முள்ளு பழகாது," என்பார்.

கடலூர் முதுநகர் வீட்டிலும் இதே பேச்சுதான். 2009 முழுக்க மனைவி மங்கலம், "பகல்லியே யாரோ வெளக்க எறக்கன மாதிரி இருக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டியூப்லைட்டை இரண்டு முறை மாற்றினார். பிறகு அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் மீட்டரை நீட்டினார். "நல்ல வெயிலுக்கு உண்டான பதினாறு காட்டுது பாரு. வெயில் அப்படியேதான் இருக்குது. எல்லாம் உன் மனசுல." அதற்குமேல் அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

2010 மாட்டுப் பொங்கலன்று நண்பகலில் சூரிய கிரகணம். தெருவில் ஆளே இல்லை. கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகள் கட்டிய இடத்தில் அசையாமல் நின்றன. தேவநாதன் கேமராவோடு தோட்டத்துக்கு வந்தபோது, மங்கலம் முருங்கை மரத்தடியில் முறத்தை வைத்துக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிரகணத்துல வெளிய வந்து ஒக்காந்திருக்க?"

"உள்ள ஒண்ணியும் தெரியலிங்க."

ஒன்றரை மணி நெருங்கியது. மேகம் இல்லை, ஆனால் வெயிலில் சூடு போய்விட்டது. சாம்பல் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். மீட்டர் முள் பதினாறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கி, எட்டுக்கு வந்து நின்றது. இலைச் சந்துகளில் விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாகிவிட்டன. மங்கலத்தின் சேலைமேல் நூறு பிறைகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"மங்கலம், வெயில பாத்தியா?"

"தெனம் இருக்கற வெயிலுதானே. ஒண்ணியும் மாறலியே." சற்றுப் பொறுத்துத் தலையைத் தூக்கினாள். "காக்காலாம் ஏன் அடங்கிப் போச்சு?"

தேவநாதன் முள்ளை மறுபடி பார்த்தார். இந்த எட்டு வெளிச்சத்துக்குள்தான் ஒரு வருடமாக இவள் இருந்திருக்கிறாள். முறத்தைப் பார்த்தார். அவள் பொறுக்கிக் கீழே போட்டதில் பாதி பருப்பு. கற்கள் முறத்திலேயே கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில், கேமராவை எட்டில் வைத்து அவளை ஒரு படம் எடுத்தார்.

புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில், கண்ணின் உள்ளழுத்தம் பார்வை நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது என்றார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டார் டாக்டர். மங்கலம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அந்தச் சுருளை முடித்துச் சென்னைக்கு அனுப்பவே அவருக்குப் பல மாதம் ஆனது. கழுவி வந்த ஸ்லைடில் சேலையின் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு பிறையும் துல்லியமாக இருந்தன. வெளிச்சம் ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. அதை மங்கலத்தின் கையில் கொடுத்தார்.

அவள் அதைக் கண்ணருகே தூக்கி வெகுநேரம் பார்த்தாள். "நல்லா வந்திருக்குதுங்க," என்றாள்.

அவள் ஸ்லைடைப் பிடித்திருந்தது வெளிச்சமில்லாத சுவரை நோக்கி. தேவநாதன் அவள் தோளைப் பிடித்து, மெல்ல, ஜன்னல் பக்கம் திருப்பினார்.