அக்கா விலைக்கு வாங்கிய கரை

சேலம் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, மலாயாவின் கோலா சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர் எங்கள் அக்கா. பத்து வயதிலேயே ரப்பர் மரங்களுக்கிடையே களையெடுக்கும் புல்வெட்டுக்குப் போனார். பெற்றோரை இழந்த எனக்கு அவரே எல்லாம். அதிர்ந்து பேச மாட்டார். பிடித்த பிடியை விடவும் மாட்டார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். அக்காவின் தலைப்பிள்ளை மூன்றாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டான். ஆற்றோரம் புதைத்தோம். ஒவ்வொரு மழைக்கும் கரை இடிந்து, ஆறு குழிமேட்டை நெருங்கி வந்தது.

"புள்ளைய ஆத்துக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

இந்த மண்ணின் மரமும் புதரும் இருந்தால்தான் கரை நிற்கும் என்றார் ஒரு மலாய்ப் படகுக்காரர். அரசாங்க நாற்றுப்பண்ணைக்கு அக்காவோடு நானும் போனேன். அங்கே கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு ஒரே வியப்பு.

"இதெல்லாம் ஆத்தங்கரையில சும்மா நிக்கிறதுதானே, பிள்ளை. இதுக்கேன் காசு குடுக்கிறாய்?"

"எங்க கரையில நிக்கலீங்கய்யா. எல்லாத்தையும் நாங்கதானே வெட்டிப்புட்டோம்."

கிராணி எழுந்து பாத்திக்குப் போனார். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரக்கன்றுகளையும் புதர்ச்செடிகளையும் அவரே கூடையில் அடுக்கிக் கொடுத்தார். அவற்றைக் குழிமேட்டைச் சுற்றி நட்டோம்.

பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! பிள்ளை போய் ஓராண்டு நிறைந்த அன்று, அக்கா மனம் குளிரட்டும் என்று உடன் வேலை செய்த பெண்கள் விடியுமுன்னே போய்க் குழிமேட்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள். ரப்பரைத் தவிர மற்றதெல்லாம் களை என்று பழகிய கைகள் ஆயிற்றே! ஒரு கன்றுகூட மிச்சமில்லை.

"பாரு தாயி, தொடச்சு வச்ச மாதிரி ஆக்கிட்டோம்" என்று அக்காவின் தோழி செல்லம்மா பூரித்து நின்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அக்கா அந்த மொட்டைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்கூட ஒரு எடத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மாடி, அந்தப் பொறுமை மனுஷப் பிறவிக்கு வருமா!

நாற்றுப்பண்ணையில், தாங்கள் களையென்று பிடுங்கிய அதே கன்றுகள் விலைக்கு இருக்கக் கண்டதும் செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆளுக்கொரு கன்று வாங்கி, கரையில் ஆளுக்கொரு குழி தோண்டி நட்டார்கள்.

மரங்கள் வளர்ந்தன, கரை நின்றது. ஓர் அந்தியில் மரம் முழுவதும் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைந்தன.  எங்கள் கைகள் தாமாகக் குவிந்தன.

"எம்புள்ளயப் பாக்க எத்தன பேரு வந்திருக்காங்க!" என்றார் அக்கா.

பல்லாண்டு கழித்து அக்கா கண்மூடியபோது, அம்மரத்தடி ஆற்றில்தான் அவர் அஸ்தியைக் கரைத்தோம். துயரில் தோள் கொடுத்த உறவினர்க்கும், அஸ்தி கரைக்கப் படகு தந்த அந்த மலாய்ப் படகுக்காரரின் குடும்பத்தார்க்கும், அன்று கன்று சுமந்த பெண்களின் மக்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அஸ்தி கரைத்த நாளில் கரையில் புதர் இடுப்பளவு மண்டியிருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் புல்வெட்டுக்காரர்கள். ஒருவரும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கவில்லை.